நவம்பர் இருபதாம் தேதி கதவைத் தட்டியது யார்?

ரீத்தா சைஸ்மோர் முடி வெட்டிக்கொள்ள வரவில்லை என்பது, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவள் கம்பளித் தொப்பியைக் கழற்றாததிலேயே தெரிந்துவிட்டது. ட்ரீமா கோகர் கத்தரியை மேசையில் வைத்தாள். இருபது வருடமாக அந்த மலையூரில் அழகு நிலையம் நடத்துகிறவளுக்கு, யார் தலைக்காக வருகிறார்கள், யார் மனசைக் கொட்ட வருகிறார்கள் என்று தெரியாதா?

"ஜோஸியைக் கூட்டிட்டுப் போகப் போறாங்க," என்றாள் ரீத்தா. "வியாழக்கிழமை கோர்ட்டு. வெள்ளிக்கிழமை வண்டி வந்துடும். நாலு மணி நேரம் தள்ளி ஏதோ விடுதியாம்."

ஜோஸிக்கு ஆறு வயது. பெற்றவர்கள் போதை மருந்தில் விழுந்துவிட, குழந்தைகள் நலத்துறை இரண்டு வருடத்துக்கு முன் அவளை ரீத்தாவிடம் வளர்க்கக் கொடுத்திருந்தது. ரீத்தா தத்தெடுக்கவும் மனுப் போட்டிருந்தாள்.

"என்ன காரணம் சொல்றாங்க?"

"நவம்பர்ல ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்தாங்களாம். பிள்ளையைத் தனியா விட்டுட்டு நான் எங்கயோ போயிருந்தேனாம். ட்ரீமா, செப்டம்பருக்கு அப்புறம் என் வீட்டுப் படியை ஒருத்தரும் மிதிக்கல! எந்தத் தேதின்னு கேட்டா ரகசியம்ங்கறாங்க. தேதியே தெரியாம நான் என்னன்னு மறுக்கறது?"

மூலையில், ஓடாத முடி உலர்த்தியின் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஹாலிஸ் கட்லிப் கோப்பையைக் கீழே வைத்தார். முப்பத்தோரு வருடம் அந்த மலைப் பாதைகளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் அவசரப்பட்டுப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"நாங்க ஃபைலைப் பார்க்கலாம், ரீத்தா," என்றார். "ஆனா பார்த்ததை உன்கிட்ட சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம்."

ஹாலிஸும் ட்ரீமாவும் குடிமக்கள் ஆய்வுக் குழுவில் இருந்தார்கள். நலத்துறை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஊர் மக்களே பார்க்கட்டும் என்று சட்டம் போட்ட ஏற்பாடு அது. சம்பளம் கிடையாது. எந்த ஃபைலையும் கேட்டு வாங்கிப் படிக்கலாம், படித்ததை நீதிபதிக்கு எழுதலாம், அவ்வளவுதான். துறையில் இருந்தவர்கள் அவர்களைப் பார்த்தால் நமட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். ட்ரீமாவுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அன்று மதியமே நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் இருவரும் ஃபைலுக்குக் காத்திருந்தார்கள். நலத்துறை அலுவலகத் தலைவர் பிரெண்ட் லாக்கர்ட் அதைத் தானே கொண்டுவந்தார். தலைநகரிலிருந்து போன மார்ச்சில் மாற்றலாகி வந்தவர். சட்டை கசங்காமல் பேசுவார்.

"வழக்கமா நீங்க சீட்டுக் குலுக்கித்தானே ஃபைல் எடுப்பீங்க?" என்றார்.

"குலுக்கினோம்," என்றார் ஹாலிஸ். "ஒரே சீட்டுதான் இருந்தது."

லாக்கர்ட் சிரிக்கவில்லை. "இதெல்லாம் தொழில் தெரிஞ்சவங்க எடுத்த முடிவு. நீங்க நல்ல மனசோட வர்றவங்க. பார்த்துட்டு, காபி குடிச்சுட்டுப் போங்க."

"காபியை நாங்களே கொண்டாந்திருக்கோம்," என்றாள் ட்ரீமா.

அவர் போன பிறகு குறிப்பைப் படித்தார்கள். களப் பணியாளர் டபிதா ஃபெரல் பெயரில் இருந்தது.

"நவம்பர் 20, காலை 11.20. முன்னறிவிப்பின்றிச் சென்றேன். வளர்ப்புத் தாய் வீட்டில் இல்லை. குழந்தை பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. பழுப்பு நிறக் கோட்டு அணிந்து, வீட்டின் பின்புறம் காட்டோரமாகத் தனியாக விளையாடிக்கொண்டிருந்தது. வாசலில் உள்ள தபால் பெட்டியில் அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்."

ட்ரீமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாருங்க இந்த அநியாயத்தை! ஆறு வயசுப் பிள்ளை தனியா நிக்குதாம், இவ சீட்டு வெச்சுட்டுத் திரும்பிப் போனாளாம். இந்த டபிதாவுக்கு நான்தான் பள்ளிக்கூட நடனத்துக்குக் கொண்டை போட்டுவிட்டேன். எப்படிப்பட்ட பொண்ணு, எப்படி ஆயிட்டா!"

ஹாலிஸ் தாளின் அடிவரியில் விரலை வைத்தார். பொடி எழுத்தில் 'பதிவேற்றிய நாள்: டிசம்பர் 14' என்று இருந்தது.

"மூணு வாரம் கழிச்சு எழுதியிருக்கு," என்றாள் ட்ரீமா. "சோம்பேறி."

"இருக்கலாம். உன்கிட்ட போன வருஷக் காலண்டர் இருக்கா?"

"ஜனவரி பிறந்தவுடனே அடுப்புல போட்டுட்டேன். எதுக்கு?"

"சும்மாதான்," என்று சொல்லி அவர் கோட்டை மாட்டிக்கொண்டார். அவர் சும்மா என்று சொன்னால் அது சும்மா இருக்காது என்பது ட்ரீமாவுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரீத்தா வீட்டுக்கு அவருடைய பழைய ஜீப்பில் போனார்கள். பெரிய சாலையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் திரும்பும் முனையில், ஒரே பலகையில் ஏழு தபால் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஹாலிஸ் பழக்க தோஷத்தில் அங்கே வேகத்தைக் குறைத்தார். பிறகு ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறி, அரை மைல் மேட்டில் போனால்தான் ரீத்தாவின் வீடு.

ரீத்தா பீன்ஸும் சோளரொட்டியும் வைத்துவிட்டுத்தான் பேசவே விட்டாள். கதவுக்குப் பக்கத்து ஆணிகளில் இரண்டு ஆரஞ்சு நிற மேல்சட்டைகள் தொங்கின. ஒன்று பெரிது, ஒன்று கைக்குட்டை அளவில் சின்னது. ஹாலிஸ் சின்னதைத் தொட்டுப் பார்த்தார்.

"அதை மாட்டாம நவம்பர் பூரா அவளை முற்றத்துக்கே விடல," என்றாள் ரீத்தா. "கோழிக்கூட்டுக்குப் போறதுன்னாலும் சரி."

ஜோஸி மேசையடியிலிருந்து தலையை நீட்டி, "பூசணிக்காய் மாதிரி இருக்குன்னு ஸ்கூல்ல பாபி சொன்னான். நான் அவனை அடிச்சேன்," என்றாள்.

"சரியா அடிச்சியா?" என்றாள் ட்ரீமா.

"ரெண்டு தடவை."

குளிர்பெட்டியின் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மூன்று பேர், ஒரு நாய், ஒரு வீடு. மேலே கோணல்மாணலாக 'மிஸ் டபிதாவுக்கு' என்று எழுதியிருந்தது.

"அக்டோபர்ல போட்டா," என்றாள் ரீத்தா குரலைத் தணித்து. "அவங்க வந்தா குடுக்கணும்னு. கார் சத்தம் கேட்டாலே ஓடுவா. இப்ப ஓடறதை விட்டுட்டா."

ஹாலிஸ் சமையலறைச் சுவரில் இன்னும் கழற்றாமல் தொங்கிய தீவனக் கடைக் காலண்டரைத் திருப்பி, நவம்பர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது.

"ரீத்தா, யாரும் வரலைன்னு நீ யார்கிட்டயாவது புகார் பண்ணியா?"

"லெட்டர் எழுதினேன். டிசம்பர் முதல் வாரத்துல, ஆபீஸுக்கே. பதிவுத் தபால்ல." அவள் இழுப்பறையிலிருந்து ஒரு பச்சை நிற ஒப்புகை அட்டையை எடுத்தாள். டிசம்பர் 11 என்று முத்திரை. வாங்கிக்கொண்டவர் கையெழுத்து: பி. லாக்கர்ட்.

"இந்த அட்டையை வியாழக்கிழமை கொண்டு வா," என்றார் ஹாலிஸ். "மறந்துடாதே."

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் டபிதாவைப் பார்த்தார்கள். வண்டியில் சாய்ந்து நின்று இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். முப்பத்தோரு குழந்தைகளை அவள் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது ஊருக்கே தெரியும்.

ட்ரீமா அடக்க முடியாமல் இறங்கிப் போனாள். "டபிதா, அந்தக் குறிப்பை நீயா எழுதினே?"

ரொட்டி பாதியில் நின்றது. "அதுல என் பேர் இருக்கு."

"யார் பேர் இருக்குன்னு அவ கேக்கல," என்றார் ஹாலிஸ் பின்னாலிருந்து, மெதுவாக.

டபிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினாள். "எனக்கு இந்த வேலை வேணும், ஹாலிஸ். அப்பாவோட மருந்துச் செலவு என் தலையிலதான்." காரில் ஏறிப் போய்விட்டாள்.

"பார்த்தீங்களா? குற்றம் பண்ணின முகம்," என்றாள் ட்ரீமா.

"பயந்த முகம்," என்றார் ஹாலிஸ். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அன்னைக்கு அவ எங்க இருந்தாங்கறதைச் சொல்ல முடியலை, அதான் விஷயம்."

புதன்கிழமை ட்ரீமாவின் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. நலத்துறைத் தாளில், லாக்கர்ட் கையெழுத்தில். தனிப்பட்ட வழக்குகளில் மூக்கை நுழைப்பது ஆய்வுக் குழுவின் வேலை அல்ல. நாளை நீதிமன்றத்துக்கு வந்தால் குழுவிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கப்படும். ட்ரீமா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கண்ணாடியின் நடுவில், வாடிக்கையாளர் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினாள். அதன் கீழே 'நாளை கடை விடுமுறை. நீதிமன்றம் போகிறேன்' என்று உதட்டுச் சாயத்தால் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

வியாழன் காலை. நீதிபதி ஓலிவ் ஹார்லெஸ்ஸின் அறைக் கதவு சாத்தப்பட்டது. லாக்கர்ட், டபிதா, ரீத்தா, வாசலில் காவலர் எல்டன். ஹாலிஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்திருந்தார். ட்ரீமாவின் மடியில் குழுவின் அறிக்கை இருந்தது. ஹாலிஸ் கண்டுபிடித்ததில் முக்கால்வாசிதான் அதில் இருந்தது. மீதியை நீதிபதி முன்னால்தான் சொல்வேனென்று மனுஷன் சாதித்துவிட்டார்.

"ஆய்வுக் குழு பேசணும்னு கேட்டிருக்கு," என்றார் நீதிபதி. "சுருக்கமா, ஹாலிஸ்."

"ரொம்பச் சுருக்கம், ஜட்ஜம்மா. இங்க இருக்கறவங்களை ஒரு கேள்வி கேக்கணும். லாக்கர்ட் சார், குறிப்புல பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலைன்னு இருக்கு. அது பெரிய தப்பா?"

"நிச்சயமா. வேலை நாள்ல ஆறு வயசுக் குழந்தை வீட்ல இருந்திருக்கு. பொறுப்பில்லாத்தனம்."

"நன்றி. எல்டன், நவம்பர் இருபது, திங்கட்கிழமை. நன்றித் திருநாள் வாரம். அன்னைக்கு நீ எங்க இருந்தே?"

வாசலில் நின்ற காவலர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அந்தத் திங்களா? காட்டுலதான். வேற எங்க இருப்பேன்?"

ட்ரீமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். தேதியை எண்ணாகவே பார்த்தாளே தவிர, கிழமையாகப் பார்க்கவில்லை. அந்த வாரம் அவள் கடைக்கு ஓர் ஈ காக்கா வராது. தகப்பனும் மாமனும் மகனும் துப்பாக்கியோடு மலையில் இருப்பார்கள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆண் மான் வேட்டை திறக்கற நாள், லாக்கர்ட். இந்த மாவட்டத்துல அந்த வாரம் பூரா பள்ளிக்கூடம் கிடையாது. எங்க அப்பா காலத்துலேர்ந்து கிடையாது. இந்தக் கோர்ட்டும் அன்னைக்கு மூடித்தான் இருந்தது. நான் மரத்து மேல பலகை போட்டு உட்கார்ந்திருந்தேன்."

லாக்கர்ட் எல்லார் முகத்தையும் பார்த்தார். "அப்படின்னா அது... பணியாளர் செஞ்ச சின்னப் பிழை."

"அங்கதான் இடிக்குது," என்றார் ஹாலிஸ். "டபிதா இங்க பிறந்து வளர்ந்தவ. திறப்பு நாள்ல ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகலைன்னு அவ எழுத மாட்டா. இன்னொண்ணு. பழுப்புக் கோட்டு போட்ட குழந்தை, காட்டோரத்துல. மான் நிறம்! நாலு மலையிலயும் துப்பாக்கி வெடிக்கற அன்னைக்கு அப்படி ஒரு பிள்ளையை எங்க ஊர்க்காரங்க பார்த்தா, முதல்ல தூக்கிட்டு உள்ள ஓடுவாங்க. மான்னு நினைச்சு சுட்டுடாம இருக்கப் போடற ஆரஞ்சுச் சட்டை எங்கேன்னு கத்துவாங்க. குறிப்பு முழுக்க அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பார்க்காததை எழுதினவங்க, பார்த்திருந்தா என்ன பயம் வரும்னு தெரியாதவங்க."

"ஊகம்," என்றார் லாக்கர்ட்.

"மூணாவது சங்கதி ஊகம் இல்ல. வாசல்ல இருக்கற தபால் பெட்டியில சீட்டு வெச்சதா எழுதியிருக்கு. ரீத்தா வாசல்ல தபால் பெட்டியே கிடையாது. ஓடைக்கு இந்தப் பக்கம், அரை மைல் கீழே, ஏழு பெட்டி வரிசையில நிக்குது. நாலாவது பெட்டி. முப்பத்தோரு வருஷம் நானே தபால் போட்டிருக்கேன். டபிதா அந்த வீட்டுக்குப் பதினோரு தடவை போனவ. இதை எழுதினவங்க ஒரு தடவைகூடப் போனதில்ல."

நீதிபதி டபிதா பக்கம் திரும்பினார். அவள் தலை குனிந்திருந்தது.

"உங்க ஆபீஸ்ல நாலு பேர்," ஹாலிஸ் தொடர்ந்தார். "மூணு பேர் இங்கயே பிறந்தவங்க. ஒருத்தர் மட்டும் மார்ச்சுல வந்தவர். அவர் இன்னும் ஒரு வேட்டைத் திறப்பையும் இந்த ஊர்ல பார்க்கல. அந்த வாரம் நீங்க எங்க இருந்தீங்க, லாக்கர்ட் சார்?"

"நகரத்துல, என் குடும்பத்தோட. அதனால என்ன?"

"ரீத்தா, அட்டையைக் குடு. யாரும் வரலைன்னு இவ எழுதின புகாரை டிசம்பர் பதினொண்ணுல நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கீங்க. மூணு நாள் கழிச்சு, பதினாலாம் தேதி, இந்த வருகை பிறக்குது. புகாருக்கும் பதில் ஆச்சு, புகார் குடுத்தவ வாயையும் அடைச்சாச்சு."

லாக்கர்ட் நாற்காலியில் நிமிர்ந்தார். கடைசிச் சீட்டை அவர் கையில் வைத்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "டபிதா நவம்பர் இருபதாம் தேதி எட்டு மணி நேரம் பணியில இருந்ததா அவங்களே கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவு இருக்கு. பணியில இருந்தவங்க வேற எங்க போயிருப்பாங்க? கேளுங்க. சொல்லட்டும்."

ட்ரீமாவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. அந்த வருகைப் பதிவு பொய் என்று ஒப்புக்கொண்டால் டபிதாவின் வேலை போகும். சொல்லாவிட்டால் ஜோஸி போவாள். வேலைக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் அந்த ஆள் அவள் பெயரில் எழுதியிருக்கிறான். நாக்கைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"டபிதா," என்றாள். "அந்தப் பிள்ளை உனக்குன்னு ஒரு படம் போட்டு அக்டோபர்லேர்ந்து ஒட்டி வெச்சிருக்கு."

"ட்ரீமா, உட்காரு," என்றார் நீதிபதி.

டபிதா எழுந்து நின்றாள்.

"அந்த எட்டு மணி நேரம் பொய், ஜட்ஜம்மா. திறப்பு நாள்ல எங்க ஆபீஸ்ல யாரும் வேலைக்கு வர்றதில்ல. வந்ததா எழுதிக்குவோம். வருஷா வருஷம் நடக்கறது, இவருக்குத் தெரியாது. நான் எங்க அப்பாவோட மலையில இருந்தேன்." கைபேசியை நீட்டினாள். ஆரஞ்சுச் சட்டையில் டபிதா, சக்கர நாற்காலியில் அவள் அப்பா, நடுவில் எட்டுக் கிளைக் கொம்புள்ள மான். நவம்பர் 20, காலை 11.05. "ரீத்தா வீட்டுக்கு நான் போகல. அக்டோபர்லயும் போகல, டிசம்பர்லயும் போகல. முப்பத்தோரு பிள்ளைங்க, ஒரு கார். நவம்பர்ல ஒன்பது பேரைத்தான் பார்த்தேன். மீதி இருபத்திரண்டு பேரையும் என் பேர்ல யாரோ 'பார்த்தாச்சு'ன்னு எழுதியிருக்காங்க. என்னைத் தவிர என் கடவுச்சொல் தெரிஞ்சவர் இவர் ஒருத்தர்தான். வேலை போகணும்னா போகட்டும். இனிமே என் பேர்ல பொய் எழுத விடமாட்டேன்."

ரீத்தா வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதாள். நீதிபதி, ஜோஸி ரீத்தாவிடமே இருப்பாள் என்றும், தத்து மனுவை மார்ச்சில் எடுப்பதாகவும், அலுவலகக் கணினியை இப்போதே மாநிலப் போலீஸ் வந்து எடுத்துக்கொள்ளும் என்றும் வரிசையாகச் சொன்னார். எல்டன் கதவை மறித்து நின்றார்.

லாக்கர்ட் சட்டை இப்போது கசங்கியிருந்தது. "இந்த முடிவெட்டற பொம்பளைக்கும் தபால்காரனுக்கும் என்ன அதிகாரம் இருக்கு?" என்றார்.

குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, மூன்று வருடமாக, ட்ரீமா இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"படிக்கற அதிகாரம்," என்றாள். "அவ்வளவுதான் இருக்கு. அதனால படிப்போம். அந்த இருபத்திரண்டு ஃபைலையும் இன்னைக்கு மதியமே கீழே கொண்டு வரச் சொல்லுங்க. காபி எங்களோடது."

லாக்கர்ட் அந்த மாதமே வேலையை இழந்தார், வழக்கு நடக்கிறது. டபிதாவுக்கு நீதிபதியின் கடிதத்தால் வேலை தப்பியது, இரண்டு வாரச் சம்பளம் போனது. ஆய்வுக் குழு இருபத்திரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் ஆள் போக வைத்தது. இரண்டு வீடுகளில் நிலைமை மோசமாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தனியாகப் போகத் தைரியமில்லை என்று டபிதா கடைக்கு வந்து நின்றாள். ட்ரீமா கடையைச் சாத்திவிட்டு அவளோடு போனாள். இருவரும் ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறினார்கள்.

ஜோஸிதான் கதவைத் திறந்தாள். டபிதாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க வரவே இல்ல," என்றாள்.

பெரியவர்கள் இந்த இடத்தில் சொல்லும் சமாதானம் எத்தனையோ உண்டு. டபிதா ஒன்றையும் எடுக்கவில்லை.

"ஆமா," என்றாள். "வரல. வந்திருக்கணும்."

ஜோஸி குளிர்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "படம் பழசாயிடுச்சு. வேற போடணும். ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

ஒரு மணி நேரம் கழித்துக் காரில் உட்கார்ந்து டபிதா குறிப்பு எழுதினாள். ட்ரீமா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத்தான் படிக்கும் அதிகாரம் இருக்கிறதே. முதல் வரியில் தேதி, கிழமை, நேரம். இரண்டாம் வரியில் இப்படி இருந்தது: 'செப்டம்பருக்குப் பிறகு இந்த வீட்டுக்கு இதுதான் முதல் வருகை.'